காலையில் மட்டும் திறக்காத இணையதளங்கள்

வீட்டு டெஸ்க்டாப்பைக் காலையில் ஆன் செய்தால் எந்த இணையதளமும் திறக்காது. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் தடுத்துவிடும். அதே வைஃபையில் போன் ஒழுங்காக ஓடியது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், ஆன்டிவைரஸை நிறுத்தினேன், பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவினேன். பலனில்லை.

பிடி கிடைத்தது தேதியில். கணினி 2015 ஜனவரியைக் காட்டிக்கொண்டிருந்தது! இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க தேதி, முடிவு தேதி இரண்டும் உண்டு. 2015இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் தானியங்கி நேரத் திருத்தமும் கைகொடுக்காமல் போகலாம்.

தேதியைத் திருத்தினால் அன்று முழுக்கச் சிக்கல் இல்லை, ரீஸ்டார்ட் செய்தாலும் திருத்திய தேதி அப்படியே இருக்கும். இரவில் சுவர் ஸ்விட்சையும் அணைத்தால்தான் மறுநாள் பழைய கதை. இதைத்தான் பலர் கவனிக்க மாட்டார்கள். ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தரும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் கடிகாரத்தை ஓட்டும். அணைத்துவிட்டால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி மட்டுமே கடிகாரத்துக்குத் துணை.

சிஆர் 2032, 3 வோல்ட். மல்டிமீட்டரில் என்னுடையது 2 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, கிளிப்பை நகர்த்தியதும் பேட்டரி எகிறி வந்தது. புதியதைப் பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி பொருத்தினேன். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) தேதியோடு பூட் வரிசையையும், அதாவது எந்த டிரைவிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்பதையும் சரிபார்த்துவிடுங்கள், எனக்கு அது மாறியிருந்தது. அப்பாடா, இப்போது ஸ்விட்சை அணைத்தாலும் தேதி பின்னால் போவதில்லை.