கையெழுத்தை ஒப்பிடக் கற்றல்: எல்லையோரத் தமிழருக்கு ஒரு தொடக்கச் செய்முறை

கையெழுத்து ஆராய்ச்சி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு தொழில்கள் நடக்கின்றன. எழுத்தைப் பார்த்து எழுதியவரின் குணத்தைச் சொல்வது ஒன்று. இரண்டு எழுத்துகளும் ஒரே கையால் எழுதப்பட்டவையா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது மற்றொன்று. முன்னதற்கு நீண்ட வரலாறு உண்டு. இத்தாலியரான கமில்லோ பால்டி 1622-இல் அதைப் பற்றி எழுதினார். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் மிஷோன் அதற்குக் கிராஃபாலஜி என்று பெயரிட்டார். ஆயினும் குணம் சொல்லும் அதன் கூற்றுகள் முறையான சோதனைகளில் நிற்கவில்லை. மேலும் அதன் விதிகளில் பல, ஆங்கில டீ எழுத்தின் குறுக்குக்கோட்டையும் ஐ எழுத்தின் தலைப்புள்ளியையும் வைத்து உருவானவை. அவற்றைத் தமிழ் எழுத்தின் மேல் ஏற்றிப் பலன் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காமலிருப்பது நல்லது. இங்கே விளக்கப்படுவது இரண்டாவது தொழிலின் அரிச்சுவடி மட்டுமே.

முதல் படி: மாதிரிகளைச் சேர்த்தல்

விலை குறைந்த லென்ஸானாலும் போதும். ஓர் அளவுகோல், பாகைமானி, டிரேசிங் தாள், சிறிய டார்ச் ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிகள் மூலத்தாளாகவே இருக்க வேண்டும், ஏனெனில் ஜெராக்ஸிலும் கைப்பேசிப் படத்திலும் பேனாவின் அழுத்தம் தெரியாது. கேரளத்தின் பாலக்காட்டு எல்லையோரத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழர் வீடுகளில் இதற்கு மிக நல்ல பாடநூல் ஒன்று பெட்டிக்குள் கிடக்கிறது: கல்யாண மொய் நோட்டு. ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொகை என்று ஒரே வகைச் சொற்கள் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வருவதால் ஒப்பிடுவது எளிது. மொய் எழுதுபவர் எப்படியும் நடுவில் பந்திக்கு எழுந்து போவார். அப்போது பேனாவை வாங்கியவர் யார், எந்த வரியில் கை மாறியது என்று கண்டுபிடிப்பதே உங்கள் முதல் பயிற்சி. நோட்டுக்கு உரியவரிடம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். விடையைச் சரிபார்க்க வீட்டில் யாராவது நினைவு வைத்திருப்பார்கள்.

இரண்டாம் படி: பொதுப்பண்பையும் தனிப்பண்பையும் பிரித்தல்

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. ஒரே பள்ளியில், ஒரே காலத்தில் எழுதப் பழகிய பலரிடமும் காணப்படுவது பொதுப்பண்பு. அது இரண்டு தாள்களிலும் இருப்பதால் எழுதியவர் ஒருவரே என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து ணா, றா, னா, லை, ளை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் எழுதக் கற்றவர்களில் பலர் இன்றும் 'லை'க்குப் பழைய வழக்கப்படி யானைத் துதிக்கை போன்ற குறி போட்டே எழுதுகிறார்கள். அந்தத் துதிக்கை எழுதியவரின் தலைமுறையைக் காட்டலாம், ஆளைக் காட்டாது.

நம் பகுதியில் இன்னும் ஓர் அடுக்கு சேர்கிறது. 1949-க்கு முன் இங்குள்ள சித்தூர் கொச்சி சமஸ்தானத்திலும், பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும் இருந்தன; இன்றும் ஒரே வீட்டில் அண்ணன் தமிழ் மீடியத்திலும் தங்கை மலையாள மீடியத்திலும் படித்திருப்பார்கள். மலையாளத்தில் எழுதிப் பழகிய கை தமிழ் எழுதும்போது 'ட', 'ப' ஆகியவற்றின் மூலைகள் வளையக்கூடும். மெய்யெழுத்தின் புள்ளி, மலையாளச் சந்திரக்கலையைப்போலச் சிறு பிறையாகக்கூடும். மலையாளத்திலும் 1971-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து உகரக் குறிகள் மெய்யிலிருந்து பிரிந்தன. ஆகவே பழைய மலையாளச் சொத்துப் பத்திரங்களைப் பார்ப்பவர்கள் அந்த ஆண்டையும் நினைவில் வைக்க வேண்டும். இவை யாவும் பொதுப்பண்புகளே. அப்படியே வளைந்த 'ட'வின் கடைசிக் கோட்டை ஒருவர் மட்டும் வரிக்குக் கீழே இழுத்துக் கொக்கி போட்டு, அதையே நோட்டு முழுதும் செய்தாரானால், அது தனிப்பண்பு.

மூன்றாம் படி: அட்டவணை

ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு, அது வரும் இடங்களில் குறைந்தது பத்தை டிரேசிங் தாளில் வரிசையாகப் படியெடுங்கள். உயரம், அகலம், சாய்வு, சுழி மூடியதா திறந்ததா, கொம்புக்கும் மெய்க்கும் உள்ள இடைவெளி, வரிக்கோட்டோடு உள்ள உறவு என ஒவ்வொன்றையும் குறியுங்கள். மொய்த் தொகையின் இலக்கங்களை விட்டுவிடாதீர்கள். தம் எழுத்தை மாற்றி எழுத முயல்பவர்கள் 4, 7, 9 ஆகியவற்றை மறந்துவிடுவதுண்டு. எந்த மனிதரும் ஓர் எழுத்தை இருமுறை ஒன்றுபோல எழுதுவதில்லை, ஆகையால் அட்டவணையில் நீங்கள் தேட வேண்டியது ஒரு வடிவத்தை அன்று, அவ்வடிவம் எந்த எல்லைக்குள் மாறிமாறி வருகிறது என்பதை. இரண்டு கையொப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மயிரிழையும் பிசகாமல் பொருந்துமானால், அவற்றுள் ஒன்று மற்றதன் மேல் தாள் வைத்து வரைந்ததோ என்று ஐயப்பட வேண்டும்.

நான்காம் படி: கோட்டின் ஓட்டம்

தாளைச் சாய்த்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் அழுத்தத்தின் பள்ளங்கள் தெரியும். லென்ஸ் வழியே பார்த்தால், பால்பாயிண்ட் பேனா வளைவில் திரும்பிய இடத்தை அடுத்து மைத் திட்டு விழுந்திருப்பதிலிருந்து கோடு இழுத்த திசையை அறியலாம். இயல்பாக ஓடிய எழுத்தின் முனை மெலிந்து முடியும். போலியின் கோடு மெதுவாக வரையப்பட்டதால் ஒரே கனமாக ஓடி, மொட்டையாக நிற்கும். தேவையில்லாத இடத்தில் பேனாவைத் தூக்கியதும், மறுபடி தொட்டுத் திருத்தியதும் காணப்படும். முதியவரின் கைநடுக்கத்தை இதனோடு குழப்பக்கூடாது: நடுங்கும் கை வடிவத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதிச் செல்லும், போலிக் கையோ நடுங்கியபடியே ஒவ்வொரு சுழியையும் கவனமாகப் போடும்.

ஐந்தாம் படி: கருத்தை எழுதுதல்

நண்பர்கள் ஐந்தாறு பேரை ஒரே பத்தியை வேறு வேறு நாட்களில் எழுதச் சொல்லி, பெயர் மறைத்த தாள்களைப் பிரித்துப் பழகுங்கள். முடிவை எழுதும்போது ஒற்றுமையோடு வேற்றுமையையும் பட்டியலிட வேண்டும். நூறு ஒற்றுமை இருந்தாலும், விளக்க முடியாத ஓர் அடிப்படை வேற்றுமை முடிவைக் கவிழ்த்துவிடும். மாதிரி போதாதபோது 'கருத்துக் கூற இயலாது' என்று எழுதுவதும் முறையான முடிவே.

சொத்துத் தகராறில் உள்ள பத்திரத்தை எவரேனும் கொண்டுவந்து நீட்டினால் தொடாமல் திருப்பியனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு நிபுணர் கருத்தையும், 41-ஆம் பிரிவு அந்தக் கையெழுத்தோடு பழகியவரின் கருத்தையும் ஏற்கிறது. 72-ஆம் பிரிவின்படி நீதிமன்றமே ஒப்பிட்டும் பார்க்கலாம். நிபுணர் கருத்தையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் முராரி லால் வழக்கில் கூறியிருக்கிறது. தொழிலாகவே கொள்ள விரும்புவோர் தடய அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்து, ஆவணப் பிரிவுள்ள ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவரிடம் பயிற்சி பெற வேண்டும்.