முயலுக்கு ஆபரேஷனா? கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லி வாய் மூடுவதற்குள் கவுண்டரில் ஒரு தாளை நீட்டிவிடுவார்கள். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மயக்க மருந்து, டிரிப்ஸ், கடைசியில் 'இதர செலவுகள்'. கூடைக்குள் முயல் காதை மடக்கி ஒடுங்கிக் கிடக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நாமும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். முதல் தடவை நானும் அப்படித்தான். அந்த இதர செலவுகள் எவை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். தாளில் உள்ள ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரே கேள்விதான்: "இதன் முடிவைப் பார்த்து நீங்கள் எதை மாற்றிச் செய்வீர்கள்?" ரத்தத்தில் சிறுநீரகக் கோளாறு தெரிந்தால் ஆபரேஷனைத் தள்ளிவைத்து முதலில் டிரிப்ஸ் ஏற்றுவேன், வலி மருந்தை மாற்றுவேன் என்று சொன்னால் அது பதில். "எல்லாருக்கும் எடுப்போம்" என்பது பதில் இல்லை, இன்னொரு தடவை கேளுங்கள்.

எந்தப் பரிசோதனை தேவை என்பது முயலைப் பொறுத்தது. நன்றாகத் தின்று ஓடியாடும் இளம் ஆண் முயலுக்குக் கருத்தடை என்றால், நீளமான ரத்தப் பட்டியலைச் சுருக்க முடியுமா என்று தாராளமாகக் கேட்கலாம். கருத்தடை செய்யாத, நாலைந்து வயதான பெண் முயல், சிறுநீரில் ரத்தம் வருகிறது என்றால் கதை வேறு. அந்த வயதில் கர்ப்பப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருவது, அது நுரையீரலுக்குப் பரவவும் செய்யும், பரவியிருந்தால் வயிற்றைத் திறப்பதால் பெரிய பயன் இருக்காது. அதனால் நெஞ்சு எக்ஸ்ரேவில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். பல் பிரச்சினை என்றால் தலை எக்ஸ்ரே, ஏனென்றால் வேர் எங்கே போகிறது என்று வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. சாப்பிடுவதையே நிறுத்திவிட்ட முயலுக்கு ஒரே ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பார்கள். அது மிக அதிகமாக இருந்தால் குடலில் அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள் (பயத்தாலும் ஏறும், ஆனால் அவ்வளவு உயரத்துக்குப் பெரும்பாலும் போகாது). பட்டியலிலேயே மலிவான பரிசோதனை அதுவாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே எடுத்த ரிப்போர்ட், எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டு போங்கள். சமீபத்தியதாக இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லாமல் விடலாம்.

வலி மருந்து, நரம்பில் ஊசி போட்டு வைப்பது, உடம்பைச் சூடாக வைத்திருப்பது, மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் இதயத்தையும் கவனிக்க ஓர் ஆள், இந்த நான்கில் மட்டும் பேரம் வேண்டாம். 2008-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், மயக்க மருந்து தொடர்பாக நாய்களில் 0.17 சதவீதம் இறந்தன, முயல்களில் 1.39. ஏற்கெனவே நோயுற்ற முயல்களில் 7 சதவீதத்துக்கும் மேல். அந்த முயல் இறப்புகளில் பாதிக்கு மேல் ஆபரேஷன் முடிந்த பிறகு நடந்தவை. ஆகவே ராத்தங்கல் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால், ராத்திரி அங்கே யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். யாருமே இல்லாத பூட்டிய அறைக்குக் காசு கொடுப்பதற்குப் பதில் வீட்டுக்கே கொண்டு போகலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்த இடத்துக்கு முயல் பழக்கமா என்று தெரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி: "முந்தின ராத்திரி பட்டினி போட வேண்டுமா?" முயலால் வாந்தி எடுக்க முடியாது, குடல் நின்றுவிட்டால் அதுவே தனி ஆபத்து, அதனால் நாய் பூனைக்குப் போல ராத்திரி முழுக்கப் பட்டினி போடத் தேவையில்லை. "ஆமாம், பத்து மணிக்கு மேல் எதுவும் கொடுக்காதீர்கள்" என்று பதில் வந்தால் நான் வேறு டாக்டரைத் தேடுவேன். கூடவே, வீட்டுக்குத் தரும் ஆன்டிபயாட்டிக் எது என்றும் கேளுங்கள். பெனிசிலின் வகையை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலே கெட்டுப்போகும்.

காசு விஷயத்தைச் சுற்றி வளைக்காதீர்கள். "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, எதை முதலில் செய்யலாம்?" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலான டாக்டர்கள் வழி சொல்வார்கள். குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, மறுபரிசோதனையும் வீட்டு மருந்தும் இதில் சேர்த்தியா, எந்தத் தொகையைத் தாண்டினால் எனக்கு போன் செய்வீர்கள், இவற்றை எழுதி வாங்குங்கள். அதே சமயம் வலைத்தளத்தில் படித்ததை வைத்துக்கொண்டு நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதும் சரியில்லை, அவர் சொல்லும் காரணம் சரியாக இருந்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கேட்க நேரம் உண்டு. பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகத் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அதற்கெல்லாம் நேரமில்லை, முதலில் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இரண்டாவது தடவை வேறொரு முயல், தாளில் அதே 'இதர செலவுகள்'. இந்த முறை கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் உள்ளே போய் விசாரித்து வந்து, கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு என்றார். அதை மாட்டினால் முயலால் தன் மென்புழுக்கையை (சத்துக்காக அது திரும்பத் தின்னும் மெத்தென்ற புழுக்கை) எட்டித் தின்ன முடியாதே, தையலைக் கடித்தால் பார்த்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். சரி என்று சொல்லி, பேனாவால் அந்த வரியை அவரே அடித்துவிட்டார்.