சின்னத் தோட்டத்தில் பே இலை மரம்

கன்று வாங்கும் முன் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரே நரம்பு ஓடி, அதிலிருந்து இறகுபோலக் கிளை நரம்புகள் பிரிந்தால் அது பே லாரல், அதாவது சமையலில் மணத்துக்குப் போடும் பே இலையின் மரம். தாவரவியல் பெயர் லாரஸ் நோபிலிஸ், பிறப்பிடம் மத்தியதரைக் கடல் பகுதி. காம்பிலிருந்து மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடினால் அது பிரிஞ்சி இலை, இலவங்கப்பட்டையின் சொந்தம். செர்ரி லாரல் என்ற வேலிச் செடியிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அதன் இலை பெரியது, ஓரத்தில் சிறு பற்கள் இருக்கும், கசக்கினால் வாதுமை வாசம் வரும். அது நஞ்சு. பெயர்ச் சீட்டில் வெறும் ‘லாரல்’ என்று மட்டும் இருந்தால் அந்தக் கன்றை வாங்காதீர்கள்.

தரையில் நட்டு அப்படியே விட்டால் இந்த மரம் 7 மீட்டரைத் தாண்டிவிடும். இடம் குறைவென்றால் தொட்டிதான் சரி. ஆளுயரத்திலேயே பல ஆண்டுகள் நிறுத்தி வைக்கலாம். ஆனால் முதல் நாளே பெரிய தொட்டியில் வைத்துவிடக் கூடாது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிப் புளித்துப்போகும். கன்று இருந்த தொட்டியைவிட 5 செ.மீ. அகலம் கூடினால் போதும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு படி ஏற்றி, 40 அல்லது 45 செ.மீ.யில் நிறுத்திக்கொள்ளுங்கள். மண் தொட்டி நல்லது. இந்த மரத்துக்குத் தலைக்கனம் அதிகம், லேசான பிளாஸ்டிக் தொட்டி காற்றில் சாய்ந்துவிடும்.

கலவைக்கு நல்ல தோட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பருமணல் அல்லது பொடி ஜல்லி ஒரு பங்கு. தொட்டியின் அடித்துளை தரையில் படியாதபடி மூன்று செங்கல் துண்டுகள்மேல் தூக்கி வையுங்கள். பழைய தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும். தண்டைப் புதைத்தால் அழுகும். விளிம்பிலிருந்து 3 செ.மீ. காலியாக விட்டால் தண்ணீர் வழியாது.

தொட்டியில் பே மரம் பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர் மிகுதிதான். மேல்மண் 3 செ.மீ. ஆழத்துக்குக் காய்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்து, அடித்துளையில் கசியும்வரை ஊற்றுங்கள். அடித்தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். இலை மஞ்சளாகிப் புள்ளி விழுந்து, மண்ணும் ஈரமாகவே இருந்தால் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து மெல்ல உருவுங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் கழன்று கையோடு வர, உள்ளே நூல்போல ஒன்று மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கலவையில், வேர் கொள்ளும் அளவுக்குச் சிறிய தொட்டியில் வையுங்கள். புதுத் துளிர் வரும் காலத்தில் அடிப்பக்கத்துப் பழைய இலைகள் சில மஞ்சளாகி உதிர்வது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

வெயில் வேண்டும், ஆனால் கொதிக்கும் பிற்பகல் வெயிலில் தொட்டியே சூடாகும் இடமானால் நண்பகலுக்குப் பிறகு நிழல் விழட்டும். உறைபனி விழும் இடங்களில் மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் தொட்டியைச் சாக்கால் சுற்றி வையுங்கள். தரையில் தாங்கும் வேர் தொட்டியில் தாங்காது. வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரவ உரம் போதும்.

கவாத்துக்குக் கைக்கத்தரிதான். வேலி வெட்டும் கத்தரியை ஓட்டினால் பாதி அறுந்த இலைகள் ஓரம் பழுப்பேறி மரமே நோய்பட்டதுபோல் தெரியும். கோடையில் ஒருமுறை, இலைக்கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். ஒற்றைத் தண்டில் உருண்டைத் தலை வேண்டுமானால் நேரான தண்டைக் குச்சியில் கட்டி, ஒரு மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கீழ்க்கிளைகளை ஒரே நாளில் மொட்டையடிக்காமல் ஆண்டுக்குக் கொஞ்சமாக நீக்கினால்தான் தண்டு பருக்கும். அடியிலிருந்து முளைக்கும் பக்கக் கன்றுகளை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள்.

இலை ஓரம் தடித்துச் சுருண்டு மஞ்சளானால் பிரித்துப் பாருங்கள்; உள்ளே வெண்பஞ்சு போர்த்திய சிறு பூச்சிகள் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்த மடிப்புக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது, இலையைக் கிள்ளி அழிப்பதே வழி. இலைமேல் பிசுபிசுப்பும் கரும்படலமும் இருந்தால் அடிப்பக்க நடுநரம்பை ஒட்டிச் செதில் பூச்சி இருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

பறிக்கும்போது தளிரை விட்டுவிடுங்கள். முற்றிய, கரும்பச்சை இலையில்தான் மணம் அதிகம். காயவைக்காமல் பச்சையாகப் போட்டால் கசப்புத் தூக்கலாக இருக்கும். நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே ஒரு பலகையை வைத்தால் சுருளாமல் காயும். இரண்டு வாரத்தில், மடித்தால் பட்டென்று ஒடியும் பதம் வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இருட்டில் வையுங்கள்.