ரீஸ்டார்ட் செய்யும் முன்: கன்டெய்னரில் ஓடும் ரேபிட்எம்க்யூவிலிருந்து தடயம் எடுப்பது எப்படி?

மாட்டுத்தாவணி பூ வியாபாரிகளுக்கு ஆர்டர் எடுத்துக் கொடுக்கும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். ஆர்டர்கள் எல்லாம் ரேபிட்எம்க்யூ வழியாகப் போகின்றன; செய்திகளை க்யூவில், அதாவது வரிசையில், வைத்து அனுப்புபவரிடமிருந்து வாங்குபவருக்கு (கன்ஸ்யூமர்) சேர்க்கும் மென்பொருள் அது. அது ஒரு கன்டெய்னரில், அதாவது தனித்து அடைத்த ஒரு சிறு சூழலில், ஓடுகிறது. விடியற்காலை 4.10 மணி, மல்லிகைக்கு விலை படிகிற நேரம், ஆர்டர் நகரவில்லை என்று போன் வருகிறது. கை தானாக டாக்கர் (கன்டெய்னர்களை இயக்கும் கருவி) ரீஸ்டார்ட்டுக்குப் போகும். போட்டதும் எல்லாம் ஓட ஆரம்பிக்கும். ஆனால் காரணம் என்னவென்று சொல்லும் தடயத்தில் பாதி போயிருக்கும். அடுத்த முகூர்த்த நாளில் அதே போன் மறுபடி வரும்.

ரீஸ்டார்ட்டுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கன்டெய்னர் செத்தால் தடயத்தில் ஒரு பகுதியும் சேர்ந்து சாகிறது. டாக்கர் ரீஸ்டார்ட் போட்டால் லாக் (நிகழ்வுப் பதிவு) தப்பிக்கும், ஆனால் மெமரியில் இருந்த நிலை போய்விடும். பல கன்டெய்னர்களைச் சேர்த்து இயக்கும் டாக்கர் கம்போஸில் டவுன் போட்டால் கன்டெய்னரே அழிவதால் லாக்கும் போகும். அதனால் எது முதலில் அழியுமோ அதை முதலில் எடுக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்ததுதான். கட்டளைகளை வாயால் சொல்கிறபடி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம்

ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் திறந்து, பிரச்சினை எப்போது தெரிந்தது, யார் சொன்னது, கடைசியாக எதை மாற்றினோம் என்று மூன்று வரி எழுதுங்கள். பெரும்பாலான கன்டெய்னர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். மதுரையில் விடியற்காலை 4.10 என்றால் லாக்கில் முந்தின நாள் இரவு 22.40. தேதியே மாறிவிடுகிறது. இன்றைய தேதியைப் போட்டுத் தேடிவிட்டு "லாக்கில் ஒன்றுமே இல்லை" என்று முடிவுகட்டுவது இதனால்தான் நடக்கிறது. இரண்டு நேரத்தையும் அந்த ஃபைலிலேயே குறித்துவிடுங்கள்.

அந்த ஃபோல்டர் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்றும் பாருங்கள். டிஸ்க் நிறைந்ததுதான் கோளாறு என்றால், எடுக்கும் தடயத்தை அதே டிஸ்க்கில் கொட்டுவது நோயை முற்ற வைக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவை

கன்டெய்னருக்குள் நுழையும் முன் ஹோஸ்ட்டில், அதாவது கன்டெய்னரைத் தாங்கும் மெஷினில், நின்றபடி எடுக்க முடிந்ததை எடுத்துவிடுங்கள். ரேபிட்எம்க்யூவின் ஒவ்வொரு கட்டளையும் தனக்கென்று ஒரு எர்லாங் மெஷினை (ரேபிட்எம்க்யூ எழுதப்பட்ட மொழியை ஓட்டும் இயக்கியை) எழுப்பிக்கொண்டுதான் வேலை செய்யும். அது தின்னும் மெமரியும் அதே கன்டெய்னரின் கணக்கில்தான் சேரும். மெமரி வரம்பை ஒட்டி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் போய் 'ஸ்டேட்டஸ்' கேட்டால், அந்தக் கேள்வியே அதைக் கொன்றுவிடலாம்.

டாக்கர் ஸ்டாட்ஸை 'நோ ஸ்ட்ரீம்' ஆப்ஷனோடு ஒருமுறை எடுங்கள். பிறகு டாக்கர் இன்ஸ்பெக்ட். அதில் எக்ஸிட் கோட், ஓஓஎம்கில்டு (மெமரி தீர்ந்து கொல்லப்பட்டதா என்பது), ரீஸ்டார்ட் கவுண்ட், ஸ்டார்ட்டட் அட், ஃபினிஷ்ட் அட் ஆகிய ஐந்தும் முக்கியம். எக்ஸிட் கோட் 137 என்றால் 128-உடன் 9 சேர்ந்தது. உடனே கொல்லும் சிக்கில் என்ற சிக்னலில் செத்திருக்கிறது, பெரும்பாலும் மெமரி தீர்ந்து கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) கொன்றிருக்கும். 143 என்றால் யாரோ, அல்லது ஏதோ ஒரு ஸ்கிரிப்ட், முறைப்படி நிறுத்தச் சொல்லியிருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் விசாரணை முழுக்கத் தப்பான தெருவில் போகும்.

கன்டெய்னர் தானாகவே மறுபடி எழுந்துவிட்டதென்றால் இன்ஸ்பெக்ட்டை மட்டும் நம்பாதீர்கள். ஹோஸ்ட்டின் லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லை கெர்னல் லாக்குக்கான ஆப்ஷனோடு ஓட்டி, 'பீம்.எஸ்எம்பி' என்ற பெயரைத் தேடுங்கள். அதுதான் எர்லாங்கின் ப்ராசஸ். கெர்னல் கொன்றிருந்தால் அங்கே பெயரோடு பதிவாகியிருக்கும். அலுவலகத்திலேயே சர்வர் வைத்திருப்பவர்கள் முந்தைய பூட்டின் லாக்கையும் எடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் யுபிஎஸ் கைவிட்டு மெஷினே விழுந்திருந்தால், ரேபிட்எம்க்யூவில் எவ்வளவு தோண்டினாலும் காரணம் கிடைக்காது.

அடுத்தது லாக். டாக்கர் இமேஜில் ரேபிட்எம்க்யூ லாக் நேராக ஸ்க்ரீன் அவுட்புட்டுக்கு வரும், எனவே டாக்கர் லாக்ஸ் போதும். 'டைம்ஸ்டாம்ப்ஸ்', 'சின்ஸ்' இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஃபைலுக்குத் திருப்பும்போது கடைசியில் 2>&1 போட மறந்தால் பிழைச் செய்திகள் ஸ்க்ரீனில் ஓடி மறையும், ஃபைலில் பாதிதான் இருக்கும்.

குபர்நெட்டீஸ் (பல மெஷின்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) என்றால் இன்னும் அவசரம். ஈவன்ட்டுகள் இயல்பாக ஒரு மணி நேரமே தங்கும். அதனால் முதலில் ஈவன்ட்டுகள், பிறகு பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) டிஸ்க்ரைப், அதன்பின் லாக். லாக் எடுக்கும்போது 'ப்ரீவியஸ்' ஆப்ஷன் கொடுத்தால் முன்பு செத்த கன்டெய்னரின் லாக் கிடைக்கும், ஆனால் ஒரே ஒரு தலைமுறைதான். ஐந்து முறை விழுந்து எழுந்திருந்தால் முதல் நான்கும் போனதுதான். ஒரு லாக் ஃபைல் 10 எம்பி ஆனதும் புது ஃபைல் திறக்கும். குபர்நெட்டீஸின் கட்டளைக் கருவியான க்யூப்சிடிஎல் கடைசி ஃபைலை மட்டுமே காட்டும். பழையவை நோடின் (கன்டெய்னர் ஓடும் மெஷினின்) டிஸ்க்கில் இருக்கும், அங்கே போய்த்தான் அள்ள வேண்டும்.

உள்ளே

மேனேஜ்மென்ட் ப்ளகின் இருந்தால் 15672 போர்ட்டிலும், ப்ரொமீதியஸ் ப்ளகின் இருந்தால் 15692-லும் கர்ல் (வெப் முகவரியிலிருந்து தரவை எடுக்கும் கட்டளை) போட்டு நிலவரத்தை எடுத்துவிடலாம். புது எர்லாங் மெஷின் எழாது. மெமரிக்கு இடமிருந்தால் மட்டும் டாக்கர் எக்ஸெக் வழியாக ரேபிட்எம்க்யூ-டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டுங்கள். ஃபைலுக்குத் திருப்பும்போது டிடிஒய் (டெர்மினல்) ஆப்ஷன் வேண்டாம், ஒவ்வொரு வரி முடிவிலும் தேவையற்ற எழுத்து ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டேட்டஸ், மெமரி ப்ரேக்டவுன், லோக்கல் அலாரம் செக் மூன்றையும் எடுங்கள். ஸ்டேட்டஸில் மெமரி வாட்டர்மார்க் (இதைத் தாண்டினால் அலாரம் அடிக்கும்) எத்தனை எம்பி என்று காட்டும். அதைக் கன்டெய்னருக்குக் கொடுத்த வரம்போடு ஒப்பிடுங்கள். கன்டெய்னருக்கு 1 ஜிபி கொடுத்திருக்க, வாட்டர்மார்க் 6 ஜிபி என்று இருந்தால், அது ஹோஸ்ட்டின் மெமரியைத் தன்னுடையது என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. எச்சரிக்கை மணி அடிப்பதற்குள் கெர்னல் வந்துவிடும். டிஸ்க்கில் காலியிடம் குறைந்தால் அடிக்கும் அலாரத்தின் வரம்பையும் பாருங்கள். மாற்றாமல் விட்டிருந்தால் அது வெறும் 50 எம்பி.

இந்த இரண்டு அலாரங்களில் எது அடித்தாலும் ரேபிட்எம்க்யூ அனுப்புபவர்களை மட்டும் தடுக்கும், வாங்குபவர்களைத் தடுக்காது. வெளியே பார்ப்பவருக்குச் செயலி உறைந்த மாதிரி தெரியும், பிழைச் செய்தி எதுவும் வராது. கனெக்ஷன் பட்டியலில் 'ப்ளாக்டு' என்ற நிலை தெரிந்தால் இதுதான் விஷயம்.

பிறகு க்யூ பட்டியல்: பெயர், ரெடி (எடுக்கக் காத்திருப்பவை), அன்அக்னாலெட்ஜ்டு (வாங்கியும் முடித்ததாகச் சொல்லாதவை), கன்ஸ்யூமர் எண்ணிக்கை, மெமரி. முப்பது விநாடி இடைவெளியில் மூன்று முறை எடுங்கள். ஒரு தடவை எடுத்தால் அது வெறும் போட்டோ. எது நகர்கிறது, எது நிற்கிறது என்பது அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நமது பூ செயலியில் முதல் தடவை ரெடி 1,840, அன்அக்னாலெட்ஜ்டு 250, கன்ஸ்யூமர் 1 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தடவை ரெடி 1,912 ஆகிவிட்டது, 250 மட்டும் அசையவில்லை. அந்த 250 தற்செயல் கிடையாது: செயலி பயன்படுத்தும் ஸ்ப்ரிங் ஏஎம்க்யூபி (ஜாவா லைப்ரரி) கன்ஸ்யூமர் ஒரே நேரத்தில் கையில் வாங்கிவைக்கும் இயல்பான அளவு அதுதான். கை நிறைய வாங்கிக்கொண்டு எதையும் முடிக்காமல் நிற்கிறது. ரேபிட்எம்க்யூ நன்றாகத்தான் இருக்கிறது, நோய் கன்ஸ்யூமரில். அதன் ஜாவா ப்ராசஸுக்கு சிக்விட், அதாவது 3-ஆம் நம்பர் சிக்னல் அனுப்புங்கள். ப்ராசஸ் சாகாது, த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) அந்தக் கன்டெய்னரின் லாக்கிலேயே வந்து விழும். பத்து விநாடி இடைவெளியில் இதையும் மூன்று முறை. மூன்றிலும் ஒரே த்ரெட் ஒரே வரியில், டேட்டாபேஸ் பதிலுக்கோ எஸ்எம்எஸ் கேட்வேக்கோ காத்துக்கொண்டிருந்தால் தேடல் முடிந்தது.

சிக்கி நிற்கும் ப்ராசஸ்களைத் தேடும் 'மேபி ஸ்டக்' கட்டளையும், முழு நிலவரத்தைத் தரும் ரிப்போர்ட்டும் கடைசியில். ரிப்போர்ட் பெரியது, திணறும் நோடில் தொங்கிவிடும். டைம்அவுட் கொடுத்து ஓட்டுங்கள்.

எர்லாங் தானாகச் சரிந்திருந்தால் க்ராஷ் டம்ப் ஃபைல் இருக்கும். எங்கே என்று தெரியாவிட்டால் டாக்கர் டிஃப் போடுங்கள், கன்டெய்னரில் புதிதாக முளைத்த ஃபைல்களைக் காட்டிவிடும். வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே டேட்டா சேமிக்கும் இடம்) உள்ளவற்றைத் தனியே பார்க்க வேண்டும். நின்றுபோன கன்டெய்னரிலிருந்தும் டாக்கர் காப்பி வேலை செய்யும். 137-இல் செத்திருந்தால் இந்த ஃபைலைத் தேட வேண்டாம்; சிக்கில் வாங்கிய ப்ராசஸுக்கு எழுத அவகாசமே கிடைத்திருக்காது.

செய்யக்கூடாத ஒன்று: க்யூவில் என்ன இருக்கிறது என்று பார்க்க மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'கெட் மெசேஜ்' அழுத்துவது. தவறான அக் மோடில் (வாங்கியதாக ஒப்புக்கொள்ளும் முறை) அழுத்தினால் ஒரு வியாபாரியின் ஆர்டர் உங்கள் கண்ணெதிரே மறைந்துவிடும். திருப்பி வைக்கும் மோடில்கூட 'ரீடெலிவர்டு' என்ற முத்திரை விழுந்து, தடயம் கலைந்துபோகும்.

க்யூக்களே காணோம் என்றால் ஹோஸ்ட்நேமைப் பாருங்கள். டேட்டா ஃபோல்டரின் பெயர் ஹோஸ்ட்நேமை வைத்து அமைகிறது. கம்போஸில் ஹோஸ்ட்நேம் எழுதாமல் விட்டால் கன்டெய்னர் புதிதாக உருவாகும்போதெல்லாம் பெயர் மாறும், காலி ஃபோல்டரோடு எழும். பழைய டேட்டா வால்யூமில் பத்திரமாக இருக்கும், அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

அனுப்பும் முன்

இன்ஸ்பெக்ட் அவுட்புட்டில் என்விரான்மென்ட் வேரியபிள்கள் அப்படியே இருக்கும், ரேபிட்எம்க்யூ பாஸ்வேர்டும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதில்தான். டெஃபினிஷன்ஸ் எக்ஸ்போர்ட்டில் (யூசர், க்யூ அமைப்புகளின் நகல்) பாஸ்வேர்டு ஹாஷ் இருக்கும். செயலியின் லாக்கில் வாடிக்கையாளர் போன் நம்பர் இருக்கும். மூலத்தை உங்களிடமே வைத்துக்கொண்டு, நகலில் இவற்றை மறைத்துவிட்டு, டார் ஜிஸிப் ஆக்கி, ஷா256 எண்ணை (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி அனுப்புங்கள். இப்போது ரீஸ்டார்ட் செய்யலாம். செய்த நேரத்தையும் அதே ஃபைலில் கடைசி வரியாகக் குறித்துவிடுங்கள்.