அரைகுறைக் கைவேலையும் அதைச் சுற்றிய சிரிப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரோஷா, ஸ்வெட்டர் பின்னல், எம்பிராய்டரி, ஒயர் கூடை என எதில் கைவைத்தவர் வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒரு பை இருக்கும். முதுகுப்புறம் மட்டும் முடிந்த ஸ்வெட்டரும், தோகையில்லாத மயிலும், கைப்பிடி போடாத கூடையும் அதில் உறங்கிக்கொண்டிருக்கும். ஆங்கிலம் பேசும் பின்னல்காரர்கள் இவற்றை 'அன்ஃபினிஷ்டு ஆப்ஜெக்ட்' என்பதைச் சுருக்கி 'யுஎஃப்ஓ' என்கிறார்கள். பறக்கும் தட்டுக்கும் அதே பெயர்தான். பின்னியதைப் பிரிப்பது அவர்களிடையே 'தவளை வேலை', ஏனெனில் பிரித்துவிடு எனப் பொருள்படும் 'ரிப் இட்' என்பதை அடுத்தடுத்துச் சொன்னால் அவர்கள் காதுக்குத் தவளை கத்துவதுபோல் இருக்குமாம். ஒற்றைக் காலுறையோடு ஆர்வம் தீர்ந்துபோவதற்கு 'இரண்டாம் காலுறை நோய்' என்று பெயர். எங்கள் கைவேலைக் குழுவில் இவ்வளவு சொல்நயம் கிடையாது, "கைப்பிடி எப்போது?" என்று ஒருவர் கேட்டால் போதும், அனைவரும் சிரித்துவிடுவோம்.

சிரிப்பதில் தவறில்லை. சிரித்துவிட்டு, ஒரு குறிப்பும் எழுதாமல் பையை மூடிவைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. வேலையை நிறுத்தும் நாளில் எல்லாம் நினைவிருக்கும் என்றே தோன்றும்; 8 மாதம் கழித்துத் திறக்கும்போது எத்தனையாவது வரிசை, எந்த ஊசி, அடுத்த பூ எங்கே தொடங்க வேண்டும் என்பதில் ஒன்றுகூட நினைவிருக்காது. போதாததற்கு, உறங்கும் வேலையிலிருந்து ஊசியை உருவி வேறொன்றைத் தொடங்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. நான் ஒரு மேசை விரிப்பை 3.5 மில்லிமீட்டர் ஊசியில் தொடங்கி, ஓராண்டுக்குப் பின் 4 மில்லிமீட்டர் ஊசியில் தொடர்ந்தேன். அது விளிம்பை நோக்கி அலையலையாக விரிந்து, பாவாடை போலாகிவிட்டது. ஊசியின் அளவு சரியாக இருந்தாலும், இடைவெளிக்குப் பிறகு நம் கையின் இறுக்கம் மாறியிருக்கும் என்பதால், தொடர்வதற்கு முன் ஒரு சிறு துண்டு பின்னிப் பார்ப்பது நல்லது. நூல்கண்டின் தாளையும் எறியக் கூடாது: சாயமிட்ட தொகுதியைக் குறிக்கும் லாட் எண் அதில்தான் இருக்கிறது, எண் மாறினால் அதே மெரூன் நிறம்கூடச் சற்று வேறுபட்டு, முடிந்த சட்டையில் பட்டையாகத் தெரியும்.

எம்பிராய்டரித் துணியை வளையத்திலேயே விட்டுவைத்தால் வட்டத் தடம் விழும். துணியில் குத்திவைத்த ஊசி ஈரக்காற்றில் துருவேறிக் கறை விடும். நீரில் அழியும் பேனாவால் வரைந்ததைக் கழுவாமல் இஸ்திரி போட்டால் கோடு நிலைத்துவிடக்கூடும்.

கூடையில் நேரும் தவறு வேறு. உடல் பின்னும் உற்சாகத்தில் கைப்பிடிக்கான ஒயரையும் செலவழித்துவிட்டு, பிறகு கடையில் அந்த நிறம் இல்லை என்று வருந்துகிறோம். கைப்பிடிக்கு வேண்டியதை முதலிலேயே வெட்டித் தனியே முடிந்துவைக்க வேண்டும். வேண்டாம் என்று தீர்மானித்த வேலையைப் பிரிக்கவும் தயங்கக் கூடாது. பிரித்த கம்பளி நூல் சுருள்சுருளாக நிற்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, 4 இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். ஒயரிலோ முடிச்சின் மடிப்பு எளிதில் போவதில்லை என்பதால் அங்கே முன்யோசனை கூடுதலாக வேண்டும்.

இனி கேலியைப் பற்றி. நம் அரைகுறையை நாமே சொன்னால் நகைச்சுவை. அதையே வீட்டுக்காரர் விருந்தாளிகள் முன்னிலையில் சொன்னால் குற்றப்பத்திரிகை. ஆகவே குழுவில் கேட்டதை அவரவர் வீட்டில் போய்ச் சொல்லக் கூடாது. ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் பாதி விரிப்பு ஒன்றை எடுத்து வைத்தவுடன், வழக்கம்போல் "இது எந்த நூற்றாண்டில் முடியும்?" என்று கேட்டேன். அது காலமான தன் தாயார் விட்டுச்சென்றது என்றும், அதே தையலைக் கற்றுக்கொள்ளவே வந்திருப்பதாகவும் அவர் சொன்னார். அன்றுமுதல் ஒரு வேலை ஏன் நின்றது என்று அதற்குரியவரே சொல்லும்வரை நான் வாய் திறப்பதில்லை. குழந்தைக்கென்று தொடங்கிய சின்ன ஸ்வெட்டர்களைப் பற்றி இன்னும் கூடுதலாகவே எச்சரிக்கையாக இருக்கிறேன்.

குழுவாக நாம் செய்யும் தவறும் ஒன்று உண்டு. புதிதாக ஒன்றைத் தொடங்கியவருக்கு ஆரவாரமான வரவேற்பு கிடைக்கிறது, அரைகுறையைக் காட்டியவருக்குச் சிரிப்பு கிடைக்கிறது, ஆனால் நூல்முனைகளை உள்ளே கோத்து, பொத்தான் தைத்து, முழுதாக முடித்து வந்தவரிடம் "அடுத்தது என்ன?" என்று மட்டும் கேட்கிறோம். இப்படியிருந்தால் யார்தான் முடிப்பார்கள்?

'சிவன் கண்' என்ற பின்னல் வகையில் நான் போட்ட ஒயர் கூடைக்கு இன்னும் கைப்பிடி இல்லை. சமையலறையில் வெங்காயம் வைத்திருக்கிறேன். குழுவினர் யாராவது வந்து பார்த்துக் கேட்டால், வெங்காயம் தீர்ந்ததும் போடுவதாகச் சொல்கிறேன்.