ஏஐ படங்கள வச்சு காஸ்மிக் ஹாரர் ரோக்லைட் கேம் பண்றது எப்படி

ஏஐ கிட்ட "பயங்கரமான மான்ஸ்டர்"னு கேட்டா கொஞ்ச நேரத்துல நாப்பது படம் குடுத்துரும், அதுல பாதிக்கு மேல ஆக்டோபஸ் கை இருக்கும், எல்லாம் ஃப்ரேமுக்கு நட்டநடுவுல நம்மள பாத்து நிக்கும், பின்னாடி பச்ச வெளிச்சம் அடிக்கும். நானும் முதல் ஒரு மாசம் இப்படித்தான் ஃபோல்டர் ஃபோல்டரா சேத்தேன். அதையெல்லாம் கேம்ல போட்டு ஃப்ரெண்ட கூப்பிட்டு விளையாட சொன்னா, முதல் ரன்ல (ஆரம்பிச்சு சாகுற வரைக்கும் ஒரு ரன்) "செமயா இருக்குடா"ன்னான், நாலாவது ரன்ல மான்ஸ்டர் மூஞ்சிய திரும்பிக்கூட பாக்கல, ஹெல்த் பார மட்டும் பாத்து அடிச்சுட்டு அடுத்த ரூமுக்கு போய்ட்டான். எவ்வளவு நல்ல படமா இருந்தாலும் நாலு ரன்னுக்கு மேல பயம் தாங்காதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

இது இந்த வகை கேமுக்குள்ளயே இருக்குற சண்ட. 1980ல வந்த ரோக் கேம்ல இருந்து வர்ற வழக்கம் என்னன்னா, செத்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், மேப் ஒவ்வொரு தடவையும் புதுசா வரும். ரோக்லைட்னா செத்தாலும் ஏதோ ஒண்ணு அடுத்த ரன்னுக்கு கூட வரும், 2013ல ரோக் லெகஸி வந்ததுக்கு அப்புறம் அந்த பேரு நல்லா பரவுச்சு. ஆக இந்த கேம விளையாடுறவன் ஒரே ஜந்துவ நூறு தடவ பாப்பான். காஸ்மிக் ஹாரருக்கோ தெரியாததுதான் உயிரு. நம்ம ஊரு பேய்க்கெல்லாம் ஒரு காரணம் இருக்கும், நிறைவேறாத ஆச, யாரோ பண்ண துரோகம், முனிக்கு சுருட்டும் சாராயமும் வச்சு படையல் போட்டா வழி விட்ரும். காஸ்மிக் ஹாரர்ல வர்றதுக்கு நம்ம மேல கோவமே இல்ல, நாம இருக்கோம்னே அதுக்கு தெரியாது, அதனால பேசி தீக்கவும் முடியாது. அந்த உணர்வ நூறு ரன் வரைக்கும் எப்படி காப்பாத்துறதுன்னுதான் இங்க சொல்லப் போறேன்.

படத்துக்கு முன்னாடி நடத்தை

ஏஐய தொறக்காதீங்க, ஒரு நோட்டு எடுங்க. ஒவ்வொரு ஜந்துவுக்கும் அது என்ன பண்ணும்னு ஒரே ஒரு வரி எழுதுங்க, எப்படி இருக்கும்னு எழுதக்கூடாது. என் நோட்டுல இருந்து மூணு சொல்றேன். ஒண்ணு, நீங்க அத பாக்குற வரைக்கும் நகராது, பாத்துட்டா பாக்காதப்போதான் நகரும். இன்னொண்ணு, எந்த கட்டத்துல சத்தம் வருதோ அந்த கட்டத்த மேப்ல இருந்தே அழிச்சிரும், அங்க திரும்ப போகவே முடியாது. மூணாவது எதுவுமே பண்ணாது, ஆனா அது இருக்குற மாடில கதவு எண்ணிக்க ஒண்ணு கூடிட்டே போகும். இந்த மாதிரி ஏழு எட்டு வரி வந்தா போதும், கேமுக்கு முதுகெலும்பு வந்தாச்சு. ஒரு ஜந்துவுக்கு ஒரு சத்தமும் முடிவு பண்ணிருங்க, அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

சானிட்டி மீட்டர் (ஹீரோவோட புத்தி எவ்வளவு தெளிவா இருக்குன்னு காட்டுற அளவு) வைக்கணுமான்னு எல்லாரும் கேப்பாங்க. 1981ல சாண்டி பீட்டர்சன் பண்ணுன கால் ஆஃப் கத்துலு டேபிள்டாப் கேம்ல இருந்து இந்த சானிட்டி விஷயம் பிரபலமாச்சு. நிறைய பேரு அத ரெண்டாவது ஹெல்த் பாரா வச்சிர்றாங்க, பூஜ்யம் ஆனா செத்துருவ, அவ்வளவுதான். அப்படி வைக்காதீங்க. சானிட்டி குறைய குறைய உங்க கேம் சொல்ற தகவல் பொய்யாகணும்: மினிமேப்ல இல்லாத ரூம் தெரியணும், உங்க ஹெல்த் நம்பர் ரெண்டு கூட காட்டணும், ஐட்டம் பேரு மாறணும். ஆனா ஒவ்வொரு பொய்க்கும் ஒரு சின்ன அடையாளம் இருக்கணும், பொய்யான ரூமுக்கு கோடு ஒரு பிக்ஸல் தடிப்பா இருக்குற மாதிரி, இல்லன்னா விளையாடுறவனுக்கு பயம் வராது, கேம் ஏமாத்துதுன்னு கடுப்புதான் வரும்.

அடுத்த ரன்னுக்கு கூட வர்றதும் சும்மா அஞ்சு பாயிண்ட் டேமேஜா இருந்தா ஹீரோ பலசாலி ஆயிருவான், பயம் போயிரும். நான் அறிவ குடுக்குறேன். ஒரு ஜந்துவ பத்தி ஒரு குறிப்பு டைரில ஏறும், அடுத்த ரன்ல அத சமாளிக்க ஒரு வழி கூடும், ஆனா ஆரம்ப சானிட்டி நிரந்தரமா கொஞ்சம் குறையும். தெரிஞ்சுக்க தெரிஞ்சுக்க ஆபத்துன்றது இந்த வகைக்கே உரிய விஷயம், அத மெக்கானிக்ஸ்லயே வச்சிட்டா கதைல தனியா சொல்லவே வேணாம்.

இப்போ படம்

படம் வரையுற ஏஐ மாடல் எதுன்னு முதல்லயே முடிவு பண்ணி கடைசி வரைக்கும் அதுலயே இருங்க, நடுவுல மாத்துனா பாதி ஜந்து ஒரு உலகத்துல இருந்தும் மீதி வேற உலகத்துல இருந்தும் வந்த மாதிரி ஆயிரும். சொந்த கம்ப்யூட்டர்ல ஓட்டணும்னா ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5, 4 ஜிபி விராம்லயே (கிராஃபிக்ஸ் கார்டோட மெமரி) ஓடிரும், அதோட பெரிய வெர்ஷனான எஸ்டிஎக்ஸ்எல்லுக்கு 8 ஜிபி இருந்தா நிம்மதி. லைசன்ஸ படிச்சுட்டு எடுங்க. ஃப்ளக்ஸ்னு இன்னொரு மாடல்ல ஷ்னெல்னு ஒரு வெர்ஷன் அப்பாச்சி 2.0 லைசன்ஸ்ல இருக்கு, அதே குடும்பத்துல டெவ்னு இருக்குறது வியாபாரம் இல்லாத வேலைக்குன்னு வேற லைசன்ஸ்ல வெளிவந்தது. கேம விக்கப் போறீங்கன்னா இந்த வித்தியாசம் பின்னாடி பெரிய தலவலி.

ப்ராம்ப்ட்ல (என்ன வரையணும்னு ஏஐக்கு எழுதுற வரி) மான்ஸ்டர், ஹாரர், லவ்கிராஃப்ட் (காஸ்மிக் ஹாரர பிரபலமாக்குன எழுத்தாளர்) இந்த வார்த்தையெல்லாம் போடவே போடாதீங்க. அந்த வார்த்தைக்கு நெட்ல இருக்குற எல்லா படத்தோட சராசரிதான் வரும், அந்த ஆக்டோபஸ் அங்க இருந்துதான் வருது. அதுக்கு பதிலா பொருள சொல்லுங்க: ஈர சுண்ணாம்பு, சிப்பியோட உள்பக்கம், மடிச்சு மடிச்சு வச்ச நனைஞ்ச துணி, உரிச்ச மரப்பட்ட. பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு ப்ராம்ப்ட் இங்கிலீஷ்ல குடுத்தாதான் ஒழுங்கா புரியும், அது படிச்சதே பெரும்பாலும் இங்கிலீஷ் வரிகள்தான்.

அதவிட நல்ல வழி படத்துல இருந்து படம் எடுக்குறது. ஃபோன எடுத்துட்டு வெளிய போங்க. பலாப்பழத்த பொளந்தா சுளைய சுத்தி இருக்குமே அந்த சடை, ஆலமர விழுது மண்ணுல இறங்குற இடம், கருவாட்டுக் கடைல கூடையில அடுக்கி வச்ச வாளக் கருவாடு, குளவிக்கூடு, மழையில ஊறுன சுவரு. இத கிட்டக்க போய் எடுங்க. அப்புறம் க்ரிட்டா, கிம்ப் மாதிரி ஒரு இலவச படம் வரையுற சாஃப்ட்வேர்ல ஒரு கருப்பு உருவத்த கிறுக்குங்க, வரையத் தெரியணும்னு இல்ல, நிழல் மட்டும் போதும். அந்த நிழலுக்குள்ள உங்க ஃபோட்டோவ ஒட்டி அத மாடலுக்கு குடுத்து, டீநாய்ஸ (குடுத்த படத்த மாடல் எவ்வளவு மாத்தலாம்ன்ற அளவு) 0.5ல இருந்து 0.6க்குள்ள வச்சு ஓட்டுங்க. அதுக்கு கீழ போனா ஃபோட்டோ அப்படியே தெரியும், 0.75 தாண்டுனா மாடல் தன் இஷ்டத்துக்கு போய் திரும்ப ஆக்டோபஸ்ல நிக்கும். உருவம் விலகக்கூடாதுன்னா 2023ல வந்த கன்ட்ரோல்நெட்டோட (நாம குடுக்குற கோட்ட மாடல பின்பத்த வைக்கிற டூல்) ஸ்க்ரிபிள் மோட் சேத்துக்கோங்க. பலா சடைல பண்ணுன ஒரு ஜந்துதான் என் கேம்லயே பாக்க முடியாத அளவுக்கு வந்துச்சு, எதுல இருந்து வந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல.

இன்னொரு ரகசியம். 1.5 மாடல் 512க்கு 512 சைஸ்ல பழகுனது, அதுகிட்ட 512க்கு 1024 கேட்டா குழம்பி ஒரே உடம்ப ரெண்டு தடவ மேல மேல வரைஞ்சிரும். மனுஷ படம் பண்றவங்களுக்கு அது தலவலி, நமக்கு வரம். தோளு இருக்க வேண்டிய இடத்துல இன்னொரு இடுப்பு ஆரம்பிக்கும் பாருங்க, அந்த மாதிரி யோசிச்சு யாரும் வரைய மாட்டாங்க. இந்த தப்பையெல்லாம் திருத்தாம எடுத்து வைங்க.

உயிரோட இருக்குற ஓவியர் பேர ப்ராம்ப்ட்ல போடாதீங்க. இத நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 பழகுன படங்கள் வந்த லயான்-5பி தொகுப்புல 585 கோடி படம்-வரி ஜோடி இருக்கு, நெட்ல இருந்து திரட்டுனது, வரைஞ்சவங்க கிட்ட சம்மதம் கேட்டு எடுக்கல, 2023 ஜனவரில மூணு ஓவியர்கள் ஸ்டெபிலிட்டி ஏஐ, மிட்ஜர்னி, டீவியன்ட்ஆர்ட் மேல கேஸே போட்டாங்க. குறஞ்சபட்சம் ஒரு தனி மனுஷனோட கைய நகல் எடுக்காம இருக்கலாம். சொந்த ஃபோட்டோ, சொந்த கிறுக்கல்ல இருந்து ஆரம்பிங்கன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு படத்துக்கும் மாடல், ப்ராம்ப்ட், சீட் நம்பர் (ரேண்டமா வர்றதுக்கு ஆரம்பமா இருக்குற நம்பர்), டீநாய்ஸ் எல்லாத்தையும் ஒரு ஷீட்ல எழுதி வைங்க, அதே சீட் அதே செட்டிங் குடுத்தா அதே படத்த திரும்ப எடுக்கலாம்.

வெட்டி ஒட்டுறது

வந்த படத்த அப்படியே கேம்ல போட்டா போஸ்டர் ஒட்டுன மாதிரிதான் தெரியும். பின்னணிய எடுத்துட்டு, ஓரத்த கையால சுத்தம் பண்ணி, சின்னதாக்குங்க, நான் 96 பிக்ஸல் உயரம் வைக்கிறேன். அப்புறம் மொத்த கேமுக்கும் ஒரே பேலட், 12 இல்லன்னா 16 கலர், எல்லா படத்தையும் அதுக்குள்ள அடக்குங்க. ஏஐ கிட்டயே பிக்ஸல் ஆர்ட் கேக்காதீங்க, அது குடுக்குற பிக்ஸல் ஒழுங்கான கட்டத்துல உக்காராது. பேலட்டுக்குள்ள அடக்குனதும் பாருங்க, வேற வேற நாள் எடுத்த படமெல்லாம் ஒரே உலகத்துக்கு வந்துரும், ஏஐ படத்துல இருக்குற அந்த வழுவழு மினுமினுப்பும் போயிரும்.

அடுத்து ஜந்துவ துண்டு போடுங்க. உடம்பு 12, கை கால் மாதிரி இருக்குறது 15, மேல வர்றது 10 வச்சிருந்தா 1800 விதமா சேக்கலாம். அனிமேஷனுக்கு ஏஐய நம்பாதீங்க, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் உருவம் மாறும். துண்டுகள காடோன்ற கேம் எஞ்சின்ல ஸ்ப்ரைட்டா (தனித்தனி சின்ன படமா) போட்டு மெதுவா சுத்த விடுங்க, ஒவ்வொரு துண்டுக்கும் வேற வேற வேகம், வினாடிக்கு 6 தடவ மட்டும் அசையுற மாதிரி. உங்க ஹீரோ வழவழன்னு நகர, அது மட்டும் விட்டு விட்டு அசையுறப்போ கண்ணுக்கே ஏதோ சரியில்லன்னு தோணும். காடோ இலவசம், எம்ஐடி லைசன்ஸ், வித்தாலும் அவங்களுக்கு காசு குடுக்க வேணாம்.

முகம் மாறணும், சத்தம் மாறக்கூடாது

மேல சொன்ன சண்டைக்கு நான் கண்டுபிடிச்ச வழி இதுதான். ஒவ்வொரு ரன்லயும் ஜந்துவோட உருவம் அந்த 1800ல இருந்து புதுசா வரட்டும், ஆனா அதோட நடத்தையும் சத்தமும் கடைசி வரைக்கும் மாறவே கூடாது. விளையாடுறவன் கண்ண நம்ப முடியாது, காத நம்பி கத்துக்குவான். ஈரத்துணிய தரையில இழுக்குற சத்தம் கேட்டா "ஐயோ இது மேப்ப திங்கிறது"ன்னு அவனுக்கு தெரியும், ஆனா கதவ தொறந்தா எது நிக்கும்னு தெரியாது. கத்துக்குறதும் நடக்குது, தெரியாததும் அப்படியே இருக்கு.

காட்டுறதையும் தவணையா காட்டுங்க. முதல் மூணு சந்திப்புல சத்தமும் தரையில ஈரத்தடமும் மட்டும், அப்புறம் நிழல், அப்புறம் வெளிச்சம் படுற ஒரு ஓரம். முழுசா எப்பவுமே காட்டாதீங்க. எத்தன தடவ சந்திச்சான்னு சேவ் ஃபைல்ல ஒரு நம்பரா வச்சா போதும்.

மேப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. குகை மாதிரி வேணும்னா 45 சதவீதம் கட்டத்த சுவரா தூவி விட்டு, தன்னையும் சேத்து சுத்தி இருக்குற 9 கட்டத்துல 5 சுவரு இருந்தா சுவரு, இல்லன்னா தரைன்னு நாலஞ்சு தடவ ஓட்டுங்க, கடைசில எல்லா இடத்துக்கும் போக முடியுதான்னு ஒரு ஃப்ளட் ஃபில் (ஒரு கட்டத்துல ஆரம்பிச்சு, எட்டுற கட்டத்துக்கெல்லாம் பரவிப் பாக்குறது) போட்டு பாருங்க. ஒரே ஒரு எச்சரிக்க: மேப்புக்கு ஒரு ரேண்டம் ஜெனரேட்டர், ஜந்து உருவத்துக்கு தனியா ஒண்ணு வைங்க. ரெண்டுக்கும் ஒண்ணே வச்சா, நீங்க ஒரு கை துண்டு புதுசா சேத்த உடனே பழைய சீட்ல இருந்த மேப்பெல்லாம் மாறிரும், பக் தேடுறப்போ அழுகையே வரும்.

கேம் ஓடுறப்பவே ஏஐ படம் வரைய வைக்கலாமான்னா, வேணாம். விளையாடுறவங்க மெஷின் தாங்காது, என்ன வரும்னு உங்க கட்டுப்பாட்டுலயும் இல்ல.

விக்கிறப்போ

கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணும், 1000 டாலர் வருமானம் தாண்டுனா அது திரும்பி வரும். 2024 ஜனவரில இருந்து ஏஐ யூஸ் பண்ணத ஃபார்ம்ல சொல்லணும், முன்னாடியே தயார் பண்ணதா, கேம் ஓடுறப்போ உருவாகுறதான்னு பிரிச்சு கேப்பாங்க, ஓடுறப்போ உருவாகுறதுன்னா சட்டவிரோதமா எதுவும் வராம தடுக்க என்ன வச்சிருக்கீங்கன்னும் சொல்லணும். நீங்க எழுதுறது ஸ்டோர் பக்கத்துலயே தெரியும். மழுப்பாம எழுதுங்க: எந்த படம் ஏஐ, எது உங்க கை, சத்தம் யாரு பண்ணது. ஏஐ இருந்தா வாங்க மாட்டேன்னு இருக்குறவங்க அத படிச்சுட்டு போகட்டும், அது அவங்க உரிம, ஏமாந்து வாங்கிட்டோம்னு அவங்க நினைக்கக்கூடாது.

காப்பிரைட்டும் தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்க காப்பிரைட் ஆஃபீஸ் 2023 பிப்ரவரில ஒரு காமிக்ஸ் விஷயத்துல மிட்ஜர்னி படங்களுக்கு உரிம கிடையாது, எழுத்துக்கும் அடுக்குன விதத்துக்கும் உண்டுன்னு சொன்னாங்க, 2025 ஜனவரி அறிக்கையிலயும் இப்போ இருக்குற டூல்கள்ல ப்ராம்ப்ட் மட்டும் போதாதுன்னு எழுதியிருக்காங்க. அதனால கிறுக்குன நிழல், எடுத்த ஃபோட்டோ, வெட்டுன லேயர் ஃபைல் எல்லாத்தையும் தேதியோட பத்திரமா வைங்க.

வெளியிடுறதுக்கு முன்னாடி, கேம பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தர ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டி பத்து ரன் விளையாட விடுங்க, பக்கத்துல உக்காந்து விளக்கம் குடுக்காதீங்க. முடிஞ்சதும் எது பயமா இருந்துச்சுன்னு மட்டும் கேளுங்க. மூஞ்சிய விவரிச்சா நீங்க நிறைய காட்டிட்டீங்க, போய் இன்னும் இருட்டாக்குங்க. "அந்த துணி இழுக்குற சத்தம்"னு சொன்னா, கேமோட அந்த வெர்ஷன தொடாம அப்படியே எடுத்து வைங்க.