பாலிதீன் கவரை விரட்டிவிட்டு பாலியெஸ்டரை அலமாரியில் அடுக்குகிறோம்

கடையில் கேரி பேக் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டு வருகிற பலர், வீட்டில் பாலியெஸ்டர் நைட்டியையும் டிராக் பேன்ட்டையும் நாள் தவறாமல் வாஷிங் மெஷினில் போடுகிறார்கள். துணியை யாரும் பிளாஸ்டிக் என்று நினைப்பதில்லை, அதுதான் முதல் தவறு. பாலியெஸ்டர் நூலும் தண்ணீர் பாட்டிலும் ஒரே பொருள்தான், இரண்டுமே பெட் (PET) என்ற பிளாஸ்டிக். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த இந்த இழை டெரிலின் என்ற பெயரில் வந்தது, அப்புறம் பருத்தியோடு கலந்து டெரிகாட்டன் சட்டையாக நம் ஊர் முழுக்கப் பரவியது. இன்று உலகத்தில் தயாராகிற இழைகளில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர்.

கடையில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ‘ஆர்ட் சில்க்’ என்றால் பட்டு கிடையாது, செயற்கை இழை. சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணி மாதிரி ஆகிவிடும்.

சரி, வாங்கியாகிவிட்டது. இனி துவைக்கும்போது செய்கிற தவறுகள்தான் பெரிய விஷயம், ஏனென்றால் இந்தத் துணிகள் ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத இழைத் துணுக்குகளை உதிர்க்கின்றன. பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016-இல் கணக்கிட்டபோது, அக்ரிலிக் என்ற இன்னொரு செயற்கை இழையில் செய்த 6 கிலோ துணியை ஒரு தடவை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேலான துணுக்குகள் வெளியேறலாம் என்று தெரிந்தது. பாலியெஸ்டர் பருத்திக் கலவைத் துணியில் இது சுமார் 1.4 லட்சம்தான். சுத்திகரிப்பு நிலையம் இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் பிடித்ததெல்லாம் கசடில் தங்குகிறது, அந்தக் கசடை வயலுக்கு உரமாகப் போட்டால் மண்ணுக்குப் போய்விடும். சாக்கடை நேராக ஆற்றில் கலக்கிற ஊரில் அந்தத் தடுப்பும் இல்லை.

மெஷினில் ‘டெலிகேட்’ வைத்தால் துணிக்கு நல்லது என்று நம்புகிறோம். நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் இதற்கு நேர்மாறாகச் சொன்னது. அந்தச் சுற்றில் தண்ணீர் அதிகம், தண்ணீர் அதிகமானால் உதிர்வதும் அதிகம். அதனால் நாலு துணியைப் போட்டு டிரம் நிறையத் தண்ணீர் விடாதீர்கள், துணி சேரட்டும், ஃபுல் லோடாகப் போடுங்கள், சாதாரணத் தண்ணீரும் குறைந்த நேரச் சுற்றும் போதும், வெந்நீரில் உதிர்வதும் கூடுகிறது. இன்னொன்று, பலரும் கவனிக்காதது. மெஷினுக்குள் இருக்கிற வலைப் பையில் சேரும் பஞ்சை எடுத்துக் குழாயடியில் அலசி விடுகிறோமே, பிடித்த கொஞ்சத்தையும் நாமே சாக்கடைக்கு அனுப்புகிற வேலை அது. வலையைக் காயவிட்டு, பஞ்சை உரித்துக் குப்பையில் போடுங்கள்.

பழைய பாட்டிலிலிருந்து செய்த டி‑ஷர்ட் என்று விளம்பரம் வந்தால் உடனே புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று வாங்க வேண்டாம். பாட்டில் திரும்பவும் பாட்டிலாக மாற முடியும், சட்டையானபின் அது மறுபடி எதுவும் ஆவது அபூர்வம். சட்டையும் மற்ற பாலியெஸ்டர் மாதிரியேதான் உதிர்க்கும்.

பைகளுக்கு வருவோம். ஜவுளிக்கடையில் கொடுக்கிற, தொட்டால் துணி மாதிரி இருக்கிற நான்‑வோவன் பை பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அமலான பிளாஸ்டிக் தடைப் பட்டியலிலேயே அது இருக்கிறது, இருந்தும் கடைக்குக் கடை கிடைக்கிறது, அதை நினைத்துச் சிரிக்கத்தான் முடியும். பருத்திப் பைதான் தீர்வு என்று கிளம்பினால் அதிலும் ஒரு சிக்கல். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018-இல் போட்ட கணக்குப்படி, காலநிலைக்கு ஆகிற பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை 52 தடவையாவது பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமம். தெருவிலும் கடலிலும் சேரும் குப்பையை அந்தக் கணக்கு சேர்க்கவில்லை, அதனால் பிளாஸ்டிக் பை நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாங்கி வந்த தாம்பூலப் பைகள் பீரோவின் அடித்தட்டில் மடித்தபடியே கிடந்தால் என்ன பிரயோஜனம்? இரண்டை எடுத்து வண்டியில் போட்டு வையுங்கள்.

பேப்பர் கப்பும் இதே ரகம், உள்ளே மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருக்கிறது. காரக்பூர் ஐஐடி 2020-இல் சோதித்தபோது, 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் கப்பில் இருந்தால் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலப்பது தெரிந்தது. கண்ணாடி டம்ளரில் தருகிற டீக்கடை இன்னும் இருக்கிறது, அங்கே குடியுங்கள். பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரும் செயற்கை இழைதான், தேயத் தேய அது போகிற இடம் சிங்க்தான். தேங்காய் நார் நம்மிடம் இருக்கிறதே.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவையும் சின்தெடிக் புடவையையும் மூட்டை கட்டி வீசாதீர்கள். டப்பாவில் சூடாக எதையும் வைக்காமல் பருப்பு, மிளகாய் போட்டு உடைகிறவரை பயன்படுத்தலாம், புடவையையும் கிழிகிறவரை கட்டலாம்.

போகியில் கொளுத்துவது மட்டும் கூடவே கூடாது. பாலியெஸ்டர் புடவை, பிளாஸ்டிக் பாய், பிவிசி ஒயர் எல்லாம் சேர்ந்து எரிகிற புகையில் டையாக்சின் உட்பட நச்சுகள் உண்டு. 2018 போகியன்று சென்னையில் புகையால் விமானங்களே தடுமாறின.

பால் பாக்கெட்டின் மூலையைத் தனித் துண்டாக வெட்டி எறியாதீர்கள். கவரைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், அந்தத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள். கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும்படி கீறி ஊற்றுங்கள்.